மணிக்கட்டில் இருக்கும் பாடம்

(கலைத் திருவிழாவுக்கு மாணவர்களைத் தயார்செய்யும் ஆசிரியர்களுக்காக நடந்த ஒன்றிய அளவிலான பயிற்சியில் ஆற்றிய உரை)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான அமர்வை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கடைசிப் பாடவேளையில் கணக்கு எடுத்துப் பழகியவன் என்பதால் இதற்கு நான் பயப்படவில்லை. யாருக்காவது கண் சொருகினால் தாராளமாகத் தூங்குங்கள். முடிவில் மாண்டலின் வாசித்து எழுப்பிவிடுகிறேன். மேசைமேல் இருக்கும் பெட்டி அதற்காகத்தான்.

இசைப் பிரிவுப் போட்டிகளுக்கு மாணவர்களை எப்படித் தயார்செய்வது என்று பேசச் சொன்னார்கள். விதிமுறைகளும் நேர அளவும் சுற்றறிக்கையிலேயே இருக்கின்றன. அவற்றை நான் திரும்பப் படிக்கப் போவதில்லை. ஒரு வாசிப்பு முறை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எப்படிப் போகிறது, எந்த இடத்தில் அறுந்துவிடுகிறது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எனக்கு ஓரளவு தெரிந்த ஒரே வாத்தியம் மாண்டலின். அதில் நான் விரும்பிக் கேட்கும் வாசிப்பு, அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தது. ஆகவே கொஞ்ச நேரம் அந்த ஊருக்குப் போய்வருவோம்.

மாண்டலின் என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவர் யு. ஸ்ரீநிவாஸ். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவர். சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவன் அதைக் கேட்டு வாசிப்பான். வாய்ப்பாட்டில் இருக்கும் கமகங்கள் மாண்டலினில் வரவேண்டுமே என்று ஸ்ரீநிவாஸ் வாத்தியத்தையே மாற்றிக்கொண்டார். நான்கு ஜோடித் தந்திகள் இருந்த இடத்தில் ஐந்து ஒற்றைத் தந்திகள், அதோடு மின்சார ஒலிபெருக்கம். பாணியைக் காப்பாற்றுவதற்காக வாத்தியம் மாறியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லப்போகிறவர் பெயர் பில் மன்றோ. 1911இல், கென்டக்கியில் ரோசின் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் கடைசி. பிறவியிலேயே ஒரு கண் உள்நோக்கித் திரும்பியிருந்தது, பார்வையும் மங்கல். மற்றவர்கள் கேலி செய்வார்கள் என்று, யாராவது புதியவர் வீட்டுக்கு வந்தால் தானியக் கொட்டகையில் போய் ஒளிந்துகொள்வாராம். அந்த ஊர்த் தேவாலயத்தில் பாட்டுப் பள்ளி நடக்கும். புத்தகத்தில் அச்சிட்ட குறிகளைப் பார்த்துப் பாடக் கற்றுக்கொடுப்பார்கள். இந்தப் பையனுக்குக் குறி சரியாகத் தெரியாது. அதனால் காதால் கேட்டே கற்றுக்கொண்டான். நம் வகுப்பில் கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும், இல்லையா? அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

வீட்டில் எல்லோரும் வாசிப்பவர்கள். அம்மா பிடில் வாசிப்பார். பெரிய அண்ணன்களில் ஒருவர் பிடிலை எடுத்துக்கொண்டார், இன்னொருவர் கிட்டாரை எடுத்துக்கொண்டார். கடைக்குட்டிக்கு மிஞ்சியது மாண்டலின். அதிலும் எட்டுத் தந்திகளில் நான்கைக் கழற்றச் சொல்லிவிட்டார்களாம், சத்தம் குறைவாக வரட்டும் என்று! பிற்காலத்தில் அந்த வாத்தியத்தில் அவர் அவ்வளவு வலுவாக அடித்து வாசித்ததற்கு இந்தக் கோபமும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆதாரம் எதுவும் இல்லை. நானும் வீட்டில் கடைக்குட்டி, அவ்வளவுதான்.

பத்து வயதில் அம்மா போய்விட்டார். பதினாறு வயதில் அப்பாவும் போய்விட்டார். பிறகு தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். மாமன் பெயர் பெண்டில்டன் வாண்டிவர். ஊரார் கூப்பிடுவது பென் மாமா. கோவேறு கழுதையிலிருந்து விழுந்து கால் ஊனமானவர். சுற்றுவட்டாரத்து நடன நிகழ்ச்சிகளில் பிடில் வாசிப்பவர். அவருக்குப் பின்னால் உட்கார்ந்து கிட்டாரில் தாளம் பிடிப்பது பையனின் வேலை. இரவு முழுக்க ஆடுவார்கள். மாமன் எந்த இடத்தில் வில்லை அழுத்துகிறார், எங்கே அரை நொடி தாமதிக்கிறார் என்று முதுகுக்குப் பின்னாலிருந்தே பையனுக்குத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் ஆடுகிறவர்களின் கால் தடுமாறும்.

இன்னொருவரும் இருந்தார். ஆர்னால்டு ஷுல்ட்ஸ். கறுப்பினத்தவர், முன்னாள் அடிமை ஒருவரின் மகன், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. கிட்டாரும் பிடிலும் வாசிப்பார். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக உட்காரத் தயங்கிய அந்தக் காலத்தில், மன்றோ இவருக்கும் பக்கவாத்தியம் வாசித்திருக்கிறார். புளூஸ் எனப்படும் கறுப்பின மக்களின் இசையில் ஸ்வரத்தை நேராகத் தொடாமல் கீழிருந்து வழுக்கிக்கொண்டு வந்து தொடும் பழக்கம் உண்டு. அது மன்றோவின் மாண்டலினுக்கு வந்தது இவரிடமிருந்து. ஷுல்ட்ஸ் 1931இலும் பென் மாமா 1932இலும் இறந்தார்கள். இருவருடைய வாசிப்பும் ஒலிப்பதிவாக நமக்குக் கிடைக்கவில்லை.

மன்றோ பிழைப்புக்காக இந்தியானா மாநிலத்துக்குப் போய் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பீப்பாய் சுமந்தார். அண்ணன் சார்லியோடு சேர்ந்து பாடி 1936இல் இசைத்தட்டு வெளியிட்டார். அண்ணன் தம்பி சண்டை வந்து பிரிந்தார்கள். 1939இல் நாஷ்வில் நகரத்தின் கிராண்ட் ஓல் ஓப்ரி வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தார். தன் குழுவுக்கு, கென்டக்கியைப் புளூகிராஸ் மாநிலம் என்று அழைப்பதால், புளூ கிராஸ் பாய்ஸ் என்று பெயர் வைத்தார். 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்கிரக்ஸ் என்ற இளைஞர் பேன்ஜோவோடு அந்தக் குழுவில் சேர்ந்தபோது, மாண்டலின், பிடில், பேன்ஜோ, கிட்டார், டபுள் பேஸ் என்ற ஐந்தும் ஒன்றாகப் பொருந்தின. அந்த ஒலிக்குப் பின்னாளில் குழுவின் பெயரே இசையின் பெயராகிவிட்டது. ஒரு மனிதரின் குழுப் பெயர் ஓர் இசை வகையின் பெயராவது அபூர்வம்.

சரி, இந்த வாசிப்பில் அப்படி என்ன இருக்கிறது? நானும் இதே கேள்வியோடுதான் தொடங்கினேன்.

ஊர்த் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்த ஓர் அண்ணனிடம் மாண்டலின் அடிப்படை கற்றிருந்தேன். பழைய வாத்தியம் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினேன். மன்றோவின் ஒரு மெட்டைக் கைப்பேசியில் கேட்டுக் கேட்டு ஸ்வரம் ஸ்வரமாக நோட்டில் எழுதினேன். கணக்கு வாத்தியார் அல்லவா, ஒரு ஸ்வரம் விடவில்லை. ஒரு மாதம் பழகி, வேகத்தையும் கிட்டத்தட்ட எட்டினேன். வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் மனைவி கேட்டார்: “நல்லா இருக்குங்க. இது எந்தப் பஜனைப் பாட்டு?”

ஸ்வரம் எல்லாம் சரி. பாட்டு மட்டும் அது இல்லை.

பிறகு அவர் வாசிக்கும் காட்சிப் பதிவைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். அப்போதுதான் வலது கை தெரிந்தது. மாண்டலினில் பிக் எனப்படும் சிறு சில்லால் தந்தியை மீட்டுவோம். கீழ், மேல், கீழ், மேல் என்று மாறிமாறி மீட்டுவதுதான் பாடப்புத்தக முறை. வேகத்துக்கு அதுதான் எளிது. மன்றோ பல இடங்களில் கீழ்நோக்கியே தொடர்ந்து அடிக்கிறார். கை வலிக்கும், வேகம் போதாது, ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் எடை கூடும். எட்டுத் தந்தி நான்கு ஜோடி என்பதால் பக்கத்து ஜோடியையும் சேர்த்து உரசி, ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரம் எழுப்புகிறார். பென் மாமாவின் பிடில் வில் இரண்டு தந்திகளை ஒருசேரத் தேய்த்த ஒலியின் மிச்சம் அது என்பது என் காது சொல்லும் செய்தி. சில மெட்டுகளுக்கு ஒரு ஜோடியின் இரண்டு தந்திகளையுமே வெவ்வேறு ஸ்வரத்தில் சுருதி சேர்த்துக்கொள்வார்.

அடுத்தது ‘சாப்’. புளூகிராஸ் குழுவில் தோல்கருவி கிடையாது. டபுள் பேஸ் ‘தும்’ என்று அடி வைத்ததும், அடுத்த அரை அடியில் மாண்டலின் ‘சக்’ என்று பதில் சொல்லவேண்டும். எல்லாத் தந்திகளையும் ஒரே வெட்டாக வெட்டிவிட்டு, அந்தக் கணமே இடது கை விரல்களைச் சற்றுத் தளர்த்தி ஒலியைக் கொன்றுவிடுவது. தும் சக், தும் சக். மற்றவர்கள் பாடும்போதும் வாசிக்கும்போதும் மாண்டலின்காரர் செய்வது பெரும்பாலும் இந்த ஒன்றுதான். கேட்பவர் கவனிக்கவே மாட்டார். நின்றுபோனால் குழு மொத்தமும் சரியும். அந்தச் ‘சக்’ சரியாக அரை அடியில் விழுகிறதா, ஒரு மயிரிழை முந்துகிறதா என்பதில்தான் அந்த இசையின் துள்ளல் இருக்கிறது. மயிரிழையை நோட்டில் எப்படி எழுதுவது?

தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ‘ஐ’ எழுதுகிறது. சிலேட்டில் பார்த்தால் எழுத்து சரியாக இருக்கும். எழுதும்போது பார்த்தால் கீழிருந்து தொடங்கிப் படம் வரைவதுபோல் வரைந்திருக்கும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பிஞ்சுக் கையை நம் கைக்குள் வைத்துச் சுழித்துக் காட்டுகிறோம். எழுத்தின் வடிவத்தைக் கரும்பலகையில் காட்டிவிடலாம். எழுதும் போக்கைக் கையைப் பிடித்துத்தான் காட்டமுடியும்.

இனி மன்றோவின் வாத்தியத்துக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 1923இல், மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் கிப்சன் நிறுவனம் செய்து, லாயிடு லோர் என்பவர் சோதித்துக் கையொப்பமிட்ட எஃப்-5 மாண்டலின் அது. 1940களில் மன்றோ அதை மயாமி நகரத்து முடிதிருத்தும் கடை ஒன்றின் கண்ணாடிச் சன்னலில் பார்த்து 150 டாலருக்கு வாங்கினார். நாற்பது ஆண்டு அதோடுதான் வாழ்ந்தார். 1985 நவம்பரில் யாரோ அவர் வீட்டுக்குள் புகுந்து, கணப்படுப்புக் கிளறும் இரும்புக் கம்பியால் அதை அடித்து நொறுக்கிவிட்டார்கள். சில்லுகளையும் தூளையும் அள்ளிக் கொடுத்தார்கள். சார்லி டெரிங்டன் என்ற கைவினைஞர் சில மாதங்கள் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, சில்லு சில்லாக ஒட்டி 1986 தொடக்கத்தில் திருப்பிக் கொடுத்தார். மன்றோ மறுபடி அதை வாசித்தார். 1996இல் மன்றோ இறந்தார். அந்த மாண்டலின் இன்று நாஷ்வில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மரம் தூளானாலும் ஒட்ட ஆள் கிடைத்தது. அவர் பிறந்த வீட்டைப் பழையபடி எடுத்துக் கட்டிவிட்டார்கள். ரோசினில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. மணிக்கட்டு என்ன ஆயிற்று?

அதற்கு மன்றோவே பதில் செய்து காட்டியிருக்கிறார். பென் மாமாவின் மெட்டுகளைப் பையனாக இருந்தபோது கேட்டது தவிர அவரிடம் எதுவும் கையில் இல்லை என்றேன். அவற்றைப் பல்லாண்டுகள் நினைவிலேயே வைத்திருந்தார். தன் குழுவுக்கு வந்த பிடில்காரர்கள் எல்லோரிடமும் கொடுத்துவிடவில்லை. கென்னி பேக்கர் என்ற பிடில்காரர் வந்தார். கென்டக்கிக்காரர், சுரங்கத்தில் வேலை செய்தவர், அப்பாவும் தாத்தாவும் பிடில் வாசித்தவர்கள். அவரிடம் மாமாவின் மெட்டுகளைச் சொல்லிக்கொடுத்து, 1972இல் மாமா பெயரிலேயே முழு இசைத்தட்டாக வெளியிட்டார். மாமா இறந்து 40 ஆண்டுகள் கழித்து! சொல்லிக்கொடுத்தவருக்குப் பிடில் அவ்வளவாகத் தெரியாது. மாண்டலினில் வாசித்துக் காட்டி, அங்கே இல்லை, இங்கே அழுத்து என்று சொல்லித்தான் கொண்டுவந்திருக்கவேண்டும். நான் முதலில் சொன்ன சுப்பராஜுவும் இப்படித்தானே, மாண்டலின் தெரியாமலே மாண்டலின் சொல்லிக்கொடுத்தார்.

புளூ கிராஸ் பாய்ஸ் குழுவில் சேர்ந்து விலகியவர்கள் 150 பேருக்கு மேல். ஒவ்வொருவரும் அவரோடு பேருந்தில் ஊர் ஊராகப் போனவர்கள். அதுதான் அவர் நடத்திய பள்ளிக்கூடம். வகுப்பறை கிடையாது, பாடத்திட்டம் கிடையாது, வாயைத் திறந்து பாராட்டவும் மாட்டாராம். நம் காலத்துக்கு ஒத்துவராத ஆசிரியர்தான்.

அவருக்குப் பின் வந்த மாண்டலின்காரர்கள் வேறு வழிகளில் போனார்கள். சாம் புஷ், டேவிட் கிரிஸ்மன், இன்று கிறிஸ் தீலி. எல்லோரும் பெரிய கலைஞர்கள், மன்றோவை மதிப்பவர்கள். வாசிப்பு தெளிவானது, வேகமானது, சுத்தமானது. புதிதாகக் கற்க வரும் பிள்ளைகள் இயல்பாகவே அந்தச் சுத்தத்தை நோக்கிப் போனார்கள். மன்றோவின் கரடுமுரடான கீழடி, போட்டி மேடையில் பிழைபோல் ஒலித்தது. ஒரு பாணி அழிவதற்கு யாரும் பகையாக இருக்கவேண்டியதில்லை என்று இதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதைக் கையிலெடுத்துக் காப்பவர்களில் முக்கியமானவர் மைக் காம்ப்டன், மிசிசிப்பி மாநிலத்துக்காரர். மன்றோவின் வாசிப்பை மட்டும் பயிற்றுவிக்கும் முகாம் ஒன்றை நடத்துகிறார். பல வயதினர் வந்து தங்கி, வட்டமாக உட்கார்ந்து, ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். இதில் ஒரு சிக்கலும் உண்டு. எந்த மன்றோவைக் காப்பது? 1936இல் அண்ணனோடு வாசித்த இளைஞரையா, 1950களின் புளூஸ் வாடை கூடிய மன்றோவையா, 70 வயதில் குறைந்த ஸ்வரங்களில் அதிகம் சொன்ன கிழவரையா? அவர் தன்னையே நகலெடுத்துக்கொண்டவர் இல்லை. தொப்பி முதல் கோட்டு வரை அவரைப்போலவே உடுத்தி, இசைத்தட்டில் உள்ள தடுமாற்றத்தையும் சேர்த்து வாசிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சலிப்பாக இருக்கும்.

ஃபிராங்க் வேக்ஃபீல்டு என்ற மாண்டலின்காரர் ஒரு செய்தி சொல்லிவந்தார். அவர் இளமையில் மன்றோவைப்போலவே அச்சு அசலாக வாசிப்பார். மன்றோ அதைக் கேட்டுவிட்டு, என்னைப்போல வாசிக்க உனக்கு வந்துவிட்டது, இனிப் போய் உனக்கென்று ஒன்றைக் கண்டுபிடி என்ற பொருளில் சொன்னாராம். வரிசையைக் கவனியுங்கள். முதலில் என்னைப்போல வாசி. அது வந்தபிறகு உன்னைப்போல வாசி. நம் கையேடுகள் ‘படைப்பாற்றல்’ என்று தொடங்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிசை ஞாபகம் வரும்.

இவ்வளவு தூரம் கென்டக்கியைப் பற்றிப் பேசியதற்கு என் பள்ளியில் நடந்த ஒன்றுதான் காரணம். சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு எட்டாம் வகுப்பில் ஒரு பையன். அவன் தாத்தா எங்கள் பகுதியில் பறை வாசிப்பவர். அப்பாவுக்கு அது பிடிக்காது. பையன் படிக்கவேண்டும், பறையைத் தொடக்கூடாது என்று இருந்தார். அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு, நான் அதைக் குறைசொல்ல மாட்டேன். எப்படியோ பேசிச் சம்மதிக்கவைத்து, ஐந்து பையன்களோடு ஒரு குழு அமைத்தேன். அந்தப் பையன் தாத்தாவிடம் பார்த்ததை வாசித்தான். மற்ற நால்வருக்கும் அது பிடிபடவில்லை. ஓர் இடத்தில் இழுக்கும், ஓர் இடத்தில் முந்தும். எனக்குத்தான் கணக்குத் தெரியுமே. கரும்பலகையில் கட்டம் போட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பிரித்து, இழுத்த இடத்தையெல்லாம் நேராக்கி, ஐவரும் ஒரே மாதிரி அடிக்கப் பழக்கினேன். ஒன்றிய அளவில் இரண்டாம் பரிசு. சான்றிதழோடு படம் எடுத்துக்கொண்டோம்.

பள்ளி ஆண்டு விழாவில் அதையே வாசித்தார்கள். தாத்தா வந்திருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “ரொம்ப நல்லா இருந்துச்சு சார். ஆனா இது எங்க அடி இல்ல. பேண்டு அடி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். “அடுத்த வருஷம் நீங்களே வந்து சொல்லிக்கொடுங்கய்யா” என்றேன். “வாறேன் சார்” என்றார்.

அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

அந்தப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். போன மாதம் பார்த்தபோது, தாத்தா அடித்தது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். மேசைமேல் விரலால் தட்டிப் பார்த்தான். நிறுத்தினான். “நீங்க சொல்லிக்கொடுத்ததுதான் சார் வருது” என்றான்.

இதற்குப் பிறகுதான் மன்றோவின் கதையை நான் வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். 40 ஆண்டு மாமாவின் மெட்டைச் சுமந்தவருக்கு நடுவில் யாரும் கட்டம் போட்டு நேராக்கிக் கொடுக்கவில்லை.

அமெரிக்காவில் இதைப் பள்ளிக்குள்ளேயே செய்யலாம் என்று காட்டியவர் ஓர் ஆசிரியர் வர்க்கத்தைச் சேர்ந்தவர்தான். வட கரோலினா மாநிலத்து மலைப்பகுதியில் அலகேனி என்ற மாவட்டம். அங்கே பள்ளி ஆலோசகராக இருந்த ஹெலன் ஒயிட், 2000ஆம் ஆண்டில் மாலை நேர வகுப்பாக ஜூனியர் அப்பலாச்சியன் மியூசிஷியன்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள். பிடில், பேன்ஜோ, கிட்டார் ஆகியவை முதன்மை. சில இடங்களில் மாண்டலினும் உண்டு. இது மன்றோவின் பாணிக்கான வகுப்பு இல்லை. அதற்கும் மூத்த, மலைநாட்டுப் பழைய இசை. ஆனால் முறை அதேதான். வாத்தியம் வாங்க வழியில்லாத பிள்ளைக்கு இரவல் வாத்தியம் கிடைக்கும். இசைக்குறிப்புத் தாள் கிடையாது. காதால் கேட்டுப் பழகவேண்டும். சொல்லிக்கொடுக்க வருபவர்களில் அந்தந்த ஊரில் வாசிக்கிறவர்களே இருப்பார்கள். இன்று அந்தத் திட்டம் பக்கத்து மாநிலங்களுக்கும் பரவியிருக்கிறது. தொடங்கியது ஒரே ஒரு பள்ளியில், மணி அடித்த பிறகு.

கல்லூரி அளவிலும் உண்டு. 1982இல் கிழக்கு டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜாக் டாட்டில் என்ற மாண்டலின் கலைஞர் புளூகிராஸ் படிப்பைத் தொடங்கினார். பட்டம் கொடுப்பது நல்லதுதான். ஆனால் மதிப்பெண் போடவேண்டிய இடத்துக்கு எந்த இசை வந்தாலும், அளக்க முடிந்த பகுதி முன்னால் வந்துவிடும், அளக்க முடியாதது பின்னால் போய்விடும் என்ற பயம் எனக்கு உண்டு. நடுவராக உட்கார்ந்து ‘தாளம் 10 மதிப்பெண்’ என்ற கட்டத்தை நிரப்பியவன் நான். இழுத்து அடித்த ஒரு குழுவுக்கு அந்தக் கட்டத்தில் ஐந்து போட்டிருக்கிறேன். அவர்கள் எந்த ஊர், யாரிடம் கற்றார்கள் என்று கேட்கவே இல்லை.

இப்போது எங்கள் பள்ளியில் செய்வது மிகச் சிறியது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், தலைமையாசிரியர் அனுமதியோடு, ஊரில் வாசிக்கிற அல்லது பாடுகிற ஒருவரை வரச்சொல்கிறோம். பிள்ளைகள் எதிரில் கூட்டமாக உட்காருவதில்லை. இரண்டு மூன்று பேராகப் பக்கத்தில் உட்காருகிறார்கள். முதல் நாள் வாத்தியத்தைத் தொடக்கூடாது, கையை மட்டும் பார்க்கவேண்டும். கைப்பேசியில் பதிவுசெய்கிறோம், வாசிப்பவரின் முகத்தை விட்டுவிட்டு மணிக்கட்டை. நான் கரும்பலகைப் பக்கம் போவதில்லை. அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. போன வாரம் ஒரு பிள்ளை தடுமாறியபோது சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்துவிட்டேன், பிறகு கீழே வைத்தேன்.

வருபவர்களுக்கு என்ன கொடுப்பது என்பது பெரிய சிக்கல். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் மட்டும்தான் ஏற்பாடு செய்ய முடிந்திருக்கிறது. அது போதாது. உங்களில் யாராவது இதற்கு வழி கண்டிருந்தால் அமர்வு முடிந்ததும் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது என்று கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பெட்டியைத் திறக்கிறேன். இரண்டு நிமிடம்தான். முதலில் நான் நோட்டில் எழுதிக் கற்றபடி ஒரு முறை வாசிக்கிறேன். அப்புறம் அதே ஸ்வரங்களைக் கீழடியில் வாசிக்கிறேன்; இன்னும் முழுதாக வரவில்லை, நான்கு மாதமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கை தெரியாது. கொஞ்சம் முன்னால் வந்துவிடுங்கள். இடது கையைப் பார்க்காதீர்கள், வலது கையை மட்டும்.